பில் கேட்ஸ் இல்லைங்க, ஃபில் காட்ஸ்!



தலைப்பைப் பார்த்ததும் எழுத்துப்பிழைன்னு நினைச்சிடாதீங்க. இவர் வேற ஆள். பில் கேட்ஸைத் தெரியாதவங்க யாரும் இல்ல. ஆனா ஃபில் காட்ஸ் யாருன்னு எங்க வகுப்பில் கேட்டுப் பார்த்தேன், ஒருத்தருக்கும் தெரியல. எல்லாரும் நான் உளறுறேன்னு தான் நினைச்சாங்க. இத்தனைக்கும் அவரோட முதலெழுத்துகள் இப்ப உங்க லேப்டாப்பிலும் ஃபோனிலும் ஆயிரக்கணக்கான இடத்தில் இருக்கு.

நம்பலையா? ஏதாவது ஒரு ஜிப் ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்க. உள்ளே எல்லாம் புரியாத கிறுக்கலா வரும். ஆனா முதல் ரெண்டு எழுத்து மட்டும் தெளிவா தெரியும். ஆங்கில பி, அடுத்து கே. நீங்க ரெக்கார்டு டைப் பண்ற வேர்டு டாக்ஸ் ஃபைலும் அப்படித்தான் ஆரம்பிக்கும். ஆண்ட்ராய்டு ஏபிகே ஃபைலும் அப்படித்தான். ரெண்டும் உள்ளுக்குள்ள ஜிப் தான். அந்த ரெண்டு எழுத்து ஃபில் காட்ஸோட கையெழுத்துன்னு வச்சுக்கோங்க.

இவரை நானா தேடிப் போகல. ஒரு எரர் தான் கூட்டிட்டுப் போச்சு.

பதினொரு எரர்

எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்டில் சென்சார் டேட்டா ராத்திரி பகலா வந்து குவியும். அதைச் சுருக்கிச் சேமிக்கணும். அதுக்கு ஓப்பன் சோர்ஸில் இசட்லிப்னு ஒரு லைப்ரரி இருக்கு. லினக்ஸ்ல ஒரே ஒரு கமாண்டில் வேலை முடிஞ்சிடும். எங்க புரோகிராமோ விண்டோஸில், விஷுவல் ஸ்டுடியோவில். அதனால் சோர்ஸ் கோடை இறக்கி நாமளே கம்பைல் பண்ணலாம்னு உட்கார்ந்தோம்.

கம்பைல் ஆச்சு. சந்தோஷமா எங்க ப்ராஜெக்டோட லிங்க் பண்ணினா பதினொரு எரர். எல்லாம் ஒரே ரகம். டிஃப்ளேட்ங்கிற ஃபங்ஷனைக் காணோம், இன்ஃப்ளேட்ங்கிற ஃபங்ஷனைக் காணோம்னு லிங்கர் புலம்புது. லைப்ரரி கண்ணு முன்னாடி இருக்கு, ஆனா காணோம்ங்குது! ரெண்டு ராத்திரி போச்சு.

விஷயம் இதுதான். விஷுவல் ஸ்டுடியோ கூட வர்ற சாதாரண கமாண்ட் விண்டோவைத் திறந்தால் அது 32 பிட்டுக்கான கம்பைலரை எடுக்கும். எங்க ப்ராஜெக்ட் 64 பிட். லிங்கர் அந்தப் பொருத்தமில்லாத லைப்ரரியைக் கண்டுக்காம விட்டுட்டு, ஃபங்ஷன் இல்லன்னு சொல்லுது. எரருக்கு மேல ஒரு மஞ்சள் வார்னிங்கில் காரணம் எழுதியே இருந்தது. வார்னிங்கை யார் படிக்கிறா? 64 பிட்டுக்கான கமாண்ட் விண்டோவைத் திறந்து, பழைய ஆப்ஜெக்ட் ஃபைல்களை எல்லாம் அழிச்சிட்டு, வின்32 ஃபோல்டரில் மைக்ரோசாஃப்ட் கம்பைலருக்குன்னே தனியா வச்சிருக்கிற மேக்ஃபைலை என்மேக்கில் ஓட்டினதும் சரியாப் போச்சு. பழையதை அழிக்காம விட்டா என்மேக் அதையே மறுபடி எடுத்துக்கும், அதையும் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டோம்.

இந்த ரெண்டு ராத்திரியில் வேற வழியில்லாம ரீட்மீ ஃபைலைக் கடைசி வரி வரைக்கும் படிச்சேன். கடைசியில் நன்றி சொல்ற இடத்தில், இந்த லைப்ரரி பயன்படுத்தும் டிஃப்ளேட் வடிவத்தை வகுத்தவர் ஃபில் காட்ஸ்னு ஒரு வரி இருந்தது. யாருடா இவர்னு தேட ஆரம்பிச்சேன். தேடி முடிச்சப்ப ப்ராஜெக்டையே மறந்துட்டேன்.

மில்வாக்கிப் பையன்

ஃபில் காட்ஸ் 1962 நவம்பர் 3 அன்று அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள மில்வாக்கி நகரத்தில் பிறந்தார். அதே ஊரில் இருக்கும் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தார். முதல் வேலை ஆலன் பிராட்லி நிறுவனத்தில். நம்ம இஇஇ, மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும், தொழிற்சாலை இயந்திரங்களை ஓட்டும் பிஎல்சி செய்கிறவர்கள். அந்த பிஎல்சிக்குத்தான் காட்ஸ் புரோகிராம் எழுதினார். நினைவகம் கொஞ்சம், நேரம் கொஞ்சம், ஒரு பைட் கூட வீணாகக்கூடாது. அந்த மாதிரி இடத்தில் பழகின கை.

1986-ல் அந்த வேலையை விட்டார். அப்போது இணையம் நம்ம வீடுகளுக்கு வந்திருக்கவில்லை. கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் மோடம் மூலம் டெலிஃபோன் லைனில் இன்னொரு கம்ப்யூட்டரைக் கூப்பிட்டு, புல்லட்டின் போர்டு எனும் இடங்களில் ஃபைல்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்கள். விநாடிக்கு 2400 பிட் ஓடும் மோடத்தில் ஒரு பைட்டுக்குப் பத்து பிட் செலவாகும். அப்படியென்றால் விநாடிக்கு 240 பைட். 100 கேபி ஃபைல் ஒன்று இறங்க ஏழு நிமிஷத்துக்கு மேல் ஆகும். 100 எம்பி இல்லை, 100 கேபி! அத்தனை நேரமும் டெலிஃபோன் பில் ஓடும். ஃபைலைப் பாதியாகச் சுருக்க முடிந்தால் பில்லும் பாதி. சுருக்கும் புரோகிராமுக்கு ஏன் அவ்வளவு மவுசுன்னு இப்ப புரியுதா?

அந்தக் காலத்தில் எல்லாரும் பயன்படுத்தியது ஏஆர்சி என்ற புரோகிராம். 1985-ல் தாம் ஹெண்டர்சன் என்பவர் எழுதி, தன்னுடைய சிறிய நிறுவனம் மூலம் வெளியிட்டது. சோர்ஸ் கோடையும் பார்க்கக் கொடுத்திருந்தார். காட்ஸ் அதே வேலையைச் செய்யும் ஒரு புரோகிராமை எழுதினார். முக்கியமான பகுதிகளை அசெம்பிளி மொழியிலேயே எழுதியதால் அது ஏஆர்சியை விடப் பல மடங்கு வேகமாக ஓடியது. பெயர் பிகேஆர்க். தன் பெயரின் முதலெழுத்துகளை முன்னால் ஒட்டிக்கொண்டார். 1986-லேயே அம்மாவின் வீட்டில் பிகேவேர் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். புரோகிராமை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், பிடித்திருந்தால் பணம் அனுப்பலாம் என்ற ஷேர்வேர் முறையில் விற்பனை. பணம் வந்தது, நிறையவே வந்தது.

மாட்டிக்கொடுத்த எழுத்துப்பிழை

இங்கதான் கதை திரும்புது.

1988-ல் ஹெண்டர்சனின் நிறுவனம் காட்ஸ் மேல் வழக்குப் போட்டது. தங்கள் கோடைத் திருடிவிட்டார் என்பது குற்றச்சாட்டு. புல்லட்டின் போர்டு உலகம் கொதித்தது. பெரிய கம்பெனி ஒன்று தனி ஆளை நசுக்குகிறது என்று பலர் காட்ஸ் பக்கம் நின்றார்கள். உண்மையில் ஹெண்டர்சனுடையதும் பெரிய கம்பெனி கிடையாது. ஆனால் கோபமாக இருக்கும்போது யார் விசாரித்துக்கொண்டிருப்பார்கள்? நம்ம காலத்திலும் அப்படித்தானே நடக்குது.

ரெண்டு சோர்ஸ் கோடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு நிபுணர் ஒப்பிட்டுப் பார்த்தார். வேகம் காட்ஸுடையதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் கோடின் பல இடங்கள் அப்படியே ஹெண்டர்சனுடையவை. கமெண்டுகள் கூட ஒன்றாக இருந்தன. கமெண்டில் ஹெண்டர்சன் விட்டிருந்த ஸ்பெல்லிங் தப்புகளும் அப்படியே காட்ஸின் கோடில் இருந்தன.

இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றைக் கலக்கவும் செய்தது. ஏன்னு உங்களுக்கே தெரியும். லேப் ரெக்கார்டில் நண்பனோட பெயரையும் சேர்த்துக் காப்பியடிச்ச ஆள் ஒவ்வொரு வகுப்பிலும் ஒருத்தர் உண்டு.

வழக்கு அந்த வருஷமே சமரசத்தில் முடிந்தது. காட்ஸ் பணம் கட்டினார். ஏஆர்சி வகைப் புரோகிராம்களை விற்பதை நிறுத்தவும் ஒப்புக்கொண்டார். அதாவது, அதுவரை சம்பாதித்துக் கொடுத்த பொருள் இனி கையில் இல்லை. வயது 25.

எடுத்தவர் கொடுத்தார்

வேற ஒருத்தராக இருந்தால் அத்தோடு கதை முடிந்திருக்கும். காட்ஸ் உட்கார்ந்து முதலிலிருந்து ஒரு புது வடிவத்தை உருவாக்கினார். அதுதான் 1989-ல் வந்த ஜிப். புரோகிராமின் பெயர் பிகேஜிப்.

இந்த முறை அவர் செய்த ஒரு காரியம்தான் நம்ம கதைக்கு முக்கியம். ஜிப் ஃபைலுக்குள் எந்த பைட் எங்கே இருக்கும், எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்பதை எல்லாம் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி, புரோகிராமோடு சேர்த்தே கொடுத்தார். யார் வேண்டுமானாலும் இந்த வடிவத்தைப் படிக்கவும் எழுதவும் புரோகிராம் செய்துகொள்ளலாம் என்று திறந்துவிட்டார். புரோகிராம் அவருடையது, விலை உண்டு. வடிவம் எல்லாருக்கும் பொது. இந்த வித்தியாசத்தை மனசில் வச்சுக்கோங்க.

1993-ல் பிகேஜிப்பின் இரண்டாம் பதிப்பு வந்தது. டிஃப்ளேட் எனும் முறை அதில்தான் உலகத்துக்கு அறிமுகம். எங்க லிங்கர் காணோம்னு தேடின அதே டிஃப்ளேட். அதில் ரெண்டு பழைய யோசனைகள் கைகோத்திருக்கும்.

ஒன்று, 1977-ல் லெம்பல், ஸிவ் என்ற இருவர் சொன்னது. ஒருமுறை வந்த எழுத்துகள் மறுபடி வந்தால் திரும்ப எழுதாதே, பின்னால் கை காட்டு. இசட்லிப்பைக் கம்பைல் பண்ணினா கூடவே ஒரு சின்ன டெஸ்ட் புரோகிராமும் வரும். அது சுருக்கிப் பார்க்கும் வாக்கியம் நாம எல்லாரும் முதல் சி புரோகிராமில் அச்சடிச்ச ஹலோ வேர்ல்டு இல்ல, ஹலோ ஹலோ! ஏன்னா ஒரே சொல் ரெண்டு தடவை வந்தால்தான் சுருக்க ஏதாவது இருக்கும். ஆங்கிலத்தில் முதல் ஹலோ, காற்புள்ளி, இடைவெளி சேர்த்து ஏழு எழுத்து. ரெண்டாவது ஹலோவுக்குப் பதிலா, ஏழு எழுத்து பின்னாடி போ, ஐந்து எழுத்தை எடுத்துக்கோன்னு குறிப்பு வச்சா போதும். டிஃப்ளேட்டில் இப்படி 32 கேபி தூரம் வரை பின்னால் போகலாம், ஒரே தடவையில் 3 முதல் 258 பைட் வரை எடுக்கலாம். 258 என்ன கணக்குன்னு யோசிங்க. ஒரு பைட்டில் 0 முதல் 255 வரை அடங்கும், அதோட குறைந்தபட்ச நீளமான 3-ஐக் கூட்டுங்க.

இன்னொன்று ஹஃப்மன் முறை. அடிக்கடி வருவதற்குச் சின்னக் குறியீடு, எப்போதாவது வருவதற்குப் பெரிய குறியீடு. டேவிட் ஹஃப்மன் இதை எம்ஐடியில் மாணவராக இருந்தபோது, பரீட்சை எழுதாமல் தப்பிக்க எழுதிக்கொடுத்த டெர்ம் பேப்பருக்காகக் கண்டுபிடித்தார். நம்ம ஆளு!

ரெண்டு யோசனையும் காட்ஸுடையது இல்லை. அவற்றைச் சேர்த்து, வேகமாக விரியும்படியும், சுருக்குகிறவர் தன் இஷ்டத்துக்குத் தேடிக்கொள்ளும்படியும் வடிவம் அமைத்தது அவர். தேடுவதற்கு அவர் தனியாக ஒரு உத்தி வைத்திருந்தார், அதற்கு 1991-ல் காப்புரிமையும் வாங்கியிருந்தார். ஆனால் டிஃப்ளேட் வடிவம் அந்த உத்தியைக் கட்டாயப்படுத்துவதில்லை. பின்னால் எப்படிக் கை காட்டணும் என்பதை மட்டும்தான் அது சொல்லும். எப்படித் தேடணும் என்பது உங்க சாமர்த்தியம்.

இந்த ஒரு இடைவெளி போதுமானதாக இருந்தது. ழான்-லூ கையி, மார்க் ஆட்லர் என்ற இருவர் காட்ஸின் காப்புரிமையைத் தொடாமல் தங்கள் சொந்தக் கோடில் டிஃப்ளேட்டை எழுதினார்கள். அந்தச் சமயத்தில் ஜிஃப் படங்களில் இருக்கும் சுருக்கும் முறை தங்கள் காப்புரிமைக்கு உட்பட்டது, பணம் கட்டுங்கள் என்று யூனிசிஸ் நிறுவனம் கேட்க ஆரம்பித்திருந்தது. பணம் கட்டத் தேவையில்லாத புதுப் பட வடிவம் வேண்டும் என்று சிலர் கூடி உருவாக்கியதுதான் பிஎன்ஜி. அதற்கு உள்ளே வைக்க ஒரு சுருக்கும் முறை வேண்டுமே? டிஃப்ளேட் இருந்தது. அதற்காகவே கையியும் ஆட்லரும் 1995-ல் இசட்லிப்பை வெளியிட்டார்கள். 1996-ல் பீட்டர் டாய்ச் டிஃப்ளேட்டை முறையான ஆவணமாக எழுதினார்.

அதன் பிறகு அது போகாத இடமில்லை. பிடிஎஃப், ஜாவா, லினக்ஸ் கெர்னல், நீங்க தினமும் கமிட் பண்ற கிட், பிரவுசருக்கு வரும் வெப் பேஜ், எல்லாவற்றிலும் டிஃப்ளேட்.

அறை

வடிவம் ஊரெல்லாம் சுற்றியபோது அந்த மனுஷன் எப்படி இருந்தார்?

நல்லா இல்லை.

பிகேவேர் வளர்ந்தது. ஆனால் காட்ஸ் டாஸ் உலகத்தின் ஆள். விண்டோஸ் வந்தபோது அந்தப் பக்கம் திரும்ப அவரது நிறுவனம் தாமதித்தது. மவுஸில் கிளிக் பண்ணினா ஜிப் திறக்கும்படி வின்ஜிப் என்ற இன்னொருவரின் புரோகிராம் வந்து அந்தச் சந்தையை எடுத்துக்கொண்டது. வடிவம் காட்ஸுடையது, வாடிக்கையாளர் வேறொருவருடையவர். அவர் திறந்துவிட்ட கதவு வழியாகத்தான் அவர்களும் வந்தார்கள்.

அவருக்குக் குடிப்பழக்கம் இருந்தது. வருஷம் போகப் போக அது முற்றியது. குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாக வழக்குகள் சேர்ந்தன. கைதுக்குப் பயந்து வீட்டுக்குப் போகாமல் ஹோட்டல் அறைகளில் மாறி மாறித் தங்கினார். 2000 ஏப்ரல் 14 அன்று மில்வாக்கியில் ஒரு ஹோட்டல் அறையில் இறந்து கிடந்தார். கணையம் கெட்டுப்போயிருந்தது, காரணம் வருஷக்கணக்கான குடி. வயது 37. பக்கத்தில் யாரும் இல்லை.

இதை நான் ஹாஸ்டல் அறையில் ராத்திரி ரெண்டு மணிக்குப் படிச்சேன். உடனே தூங்க முடியல. ரொம்பக் கெட்டிக்காரனா இருக்கிற ஒருத்தனுக்குப் பிரச்சினை இருக்கும்னு நாம நினைக்கறதே இல்ல. கோட் ஓடுதா, மார்க் வருதா, அவ்வளவுதான் பார்க்கிறோம். உங்க விங்கிலும் ராத்திரி முழுக்க லேப்டாப் வெளிச்சம் தெரியுற அறை ஒண்ணு இருக்கும். ஒரு நாள் சும்மா கதவைத் தட்டி டீ குடிக்கப் போலாமான்னு கேளுங்க.

எங்க ரிப்போர்ட்டில் ஒரு வரி

கடைசியா ஒண்ணு சொல்லணும், கொஞ்சம் வெட்கமான விஷயம்.

எங்க ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டின் முதல் வரைவில், சுருக்கும் பகுதியை எங்கள் குழுவே உருவாக்கியதுன்னு எழுதியிருந்தோம். எழுதினது நான்தான். பொய் சொல்றோம்னு கூடத் தோணல. ரெண்டு ராத்திரி கண் முழிச்சு கம்பைல் பண்ணினோமே, அது எங்களுடையது தானேங்கிற நினைப்பு.

இசட்லிப்பின் லைசென்ஸ் ரொம்பச் சின்னது, கை எழுத்தில் எழுதினா ஒரு பக்கம் கூட வராது. எதுக்கு வேணும்னாலும் எடுத்துக்கலாம், வித்துக் காசாக்கினாலும் தப்பில்லை. பதிலுக்கு மூணே மூணு நிபந்தனை. இதை எழுதினது நீதான்னு சொல்லிக்காதே. மாத்தினா மாத்தினேன்னு தெளிவா சொல்லு. இந்த அறிவிப்பை அழிக்காதே. பணம் கேக்கல, நன்றி கூட கட்டாயம் இல்ல. பொய் சொல்லாம இருந்தா போதும்.

யோசிச்சுப் பாருங்க. காட்ஸ் 1988-ல் சறுக்கின இடம் இதேதான். ஹெண்டர்சன் திறந்து வச்சதை எடுத்து, தன்னுடையதுன்னு சொன்னார். அது வழக்கில் முடிஞ்சு, அந்தப் புரோகிராம் இன்னைக்கு இல்லாமலே போச்சு. அடுத்த வருஷம் தன்னுடையதைத் தானே திறந்து வச்சார். அது இன்னைக்கும் ஓடிட்டு இருக்கு. ஒரே ஆள், ஒரே திறமை, நடுவில் ஒரு வருஷம் தான்.

ரிப்போர்ட்டில் அந்த வரியை மாத்திட்டேன். இசட்லிப்பைப் பயன்படுத்தினோம், அதை விண்டோஸில் 64 பிட்டுக்குக் கட்டி எங்க புரோகிராமில் இணைச்சது எங்க வேலைன்னு எழுதினேன். குழுவில் ஒருத்தன், இப்படி எழுதினா ரிவ்யூவில் மார்க் குறையும்டான்னு பயந்தான். அப்படி ஒண்ணும் நடக்கல. ஆனா பேனலில் இருந்த மேடம், 32 பிட் லைப்ரரியை 64 பிட் ப்ராஜெக்டில் சேர்த்தா என்ன ஆகும்னு கேட்டாங்க. வாழ்க்கையில் முதல் தடவையா ஒரு வைவா கேள்விக்கு மனப்பாடம் பண்ணாத பதில் சொன்னேன்.

நன்றியுரைப் பக்கத்தில் கல்லூரி முதல்வர், துறைத்தலைவர், கைடு, பெற்றோர், நண்பர்கள்னு வழக்கமான வரிசை. அதுக்குக் கீழே கையி, ஆட்லர், காட்ஸ்னு மூணு பெயர் சேர்த்தோம். பைண்டிங் கடை அண்ணன் பிரிண்ட் எடுக்கும்போது அந்தப் பக்கத்தைப் பார்த்துட்டு, தம்பி, பில் கேட்ஸ் பெயரைத் தப்பா அடிச்சிருக்கீங்களே, மாத்திடவான்னு கேட்டார்.

வேண்டாம்ணா, அது வேற ஆள்னு சொன்னேன்.